உட்கார ஒரு ஆள்

மரவேலை கற்றுக்கொள்ளப் பெரம்பலூர் போகிறேன் என்று சொன்னபோது ஸ்கேன் சென்டரில் எல்லோரும் சிரித்தார்கள். "எலும்பு பாத்து அலுத்துப்போயி கட்டைக்கு மாறிட்டீங்களாம்மா?" என்று டாக்டர்கூடக் கேட்டார். நான் அரியலூரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பெயர் மலர்கொடி. ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வேன். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொன்னதில்லை.

மரவேலை மேல் ஆசை என்று சொன்னால் அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் தம்பி செந்தில்குமார். அவன் பூலாம்பாடியில் இருக்கிறான். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறான். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது பெரம்பலூர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஏதாவது ஒரு வேலையாக அங்கே வந்து போவான் என்று எனக்குத் தெரியும். 'ஞாயிறுதோறும் மரவேலை வகுப்பு' என்ற போஸ்டரைப் பார்த்ததும் என் மனதில் வந்தது மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. அவன் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "என்னக்கா பண்ற இங்க?" என்று கேட்பதுதான் வந்தது.

எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. இருந்திருந்தால் தேவலாம். சண்டை போட்டவர்களுக்குச் சமாதானம் என்று ஒரு வேலையாவது பாக்கி இருக்கும். அம்மா இருந்தவரை அம்மாவைப் பார்க்க நான் அங்கே போனேன், அம்மாவை டாக்டரிடம் காட்ட அவன் இங்கே வந்தான். அம்மா போனதும் இருவருக்குமே பஸ் ஏறக் காரணம் இல்லாமல் போய்விட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வான். "ஒரு நாள் வரேங்க்கா" என்பான். அந்த ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் இல்லை. நல்ல பையன். அதுதான் கஷ்டமே. திட்டித் தீர்க்கவும் வழியில்லை.

வகுப்பு நடந்த இடம் துறையூர் சாலையில், ஒரு காலத்தில் கோழிப்பண்ணையாக இருந்த கொட்டகை. மழை பெய்தால் பழைய வாசனை கிளம்பும். நடத்துகிறவள் தேவயானி. எனக்கு மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும். பெங்களூரில் கற்றுக்கொண்டு, சொந்த ஊரான பெரம்பலூருக்கே திரும்பி வந்து கடை விரித்திருக்கிறாள். ஜீன்ஸும் தொளதொளச் சட்டையும் காதில் ஒரு பென்சிலும்தான் அவள் சீருடை. வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் விரட்டுவாள். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேணுகோபால் சார் அவளைக் கண்டால் மாணவனைப் போலக் கையைக் கட்டிக்கொள்வார்.

முதல் சில வாரங்கள் கட்டையையே கண்ணில் காட்டவில்லை. உளி தீட்டினோம். தீட்டினோம் என்றால் தீட்டிக்கொண்டே இருந்தோம். பிறகு இழைப்புளி. நான் தள்ள, அது பலகையில் முரண்டு பிடித்து எகிறி எகிறிக் குதித்தது. "மரத்தோட ரேகை போற போக்குக்கு எதிர்ல தள்றீங்கக்கா. கட்டையத் திருப்பிப் போடுங்க" என்றாள் தேவயானி. திருப்பிப் போட்டுத் தள்ளினேன். சர்ரென்று ஒரு சத்தம். பூவரசு மரம் சுருள் சுருளாகச் சீவி வந்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்துப் போயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோதுகூட, மனம் லேசாக இருந்தது.

என் தலைமுடியில் ஒரு சீவல் ஒட்டியிருந்ததை மறுநாள் காலையில் கை முறிந்து எக்ஸ்ரே எடுக்க வந்த ஒரு பெண்தான் சொன்னாள். வீட்டில் ஒரு ஆள் இருந்திருந்தால் முந்தின நாளே தெரிந்திருக்கும். அந்தப் பெண் தன் வலியை விட்டுவிட்டு என் தலையிலிருந்து அதை எடுத்துப் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெஷினைச் சரி செய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கை ஓரளவு படிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவயானி நாற்காலியைப் பற்றிப் பேசினாள். ஆணி கிடையாது, திருகாணி கிடையாது. ஒரு கட்டையில் துளை, இன்னொரு கட்டையில் அந்தத் துளைக்குள் போய் இறுக்கமாக உட்காருகிற நாக்கு. அவ்வளவுதான் என்றாள். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுடைய சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"மொதோ நாற்காலி உங்களுக்குன்னு செய்யக்கூடாது. நமக்குன்னு செஞ்சா கோணலா இருந்தாலும் நாமளே சரிக்கட்டி உக்காந்துக்குவோம். அடுத்தவங்க உக்காந்தாத்தான் குறை தெரியும்" என்றாள்.

அடுத்தது, டேப்பைத் தொடக்கூடாது. உட்காரப் போகிற ஆளைப் பலகை அடுக்கின் மேல் உட்கார வைத்து, காலுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியை நிறுத்தி, முழங்காலின் பின்மடிப்பு வரும் இடத்தில் பென்சிலால் கோடு. அதே போலத் தொடைக்கு, முதுகுக்கு, முழங்கைக்கு. இத்தனை அங்குலம் என்கிற பேச்சே வரக்கூடாது. அந்தக் குச்சியை வைத்துத்தான் மரத்தை அறுக்க வேண்டும்.

கடைசிச் சட்டம்தான் எனக்கு வினையாக வந்தது. நாற்காலியைப் பசை போடாமல் பொருத்தி, அளவு கொடுத்த ஆளை அதில் உட்கார வைக்க வேண்டும். அவர் உட்கார்ந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் பசை. ஆள் வராவிட்டால் பசை கிடையாது. கட்டைகளைக் கழற்றிச் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியதுதான்.

வகுப்பில் இருந்தவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் அளவுக்கு மற்றவர் செய்வது என்று ஏற்பாடு. நான் ஒற்றையாக நின்றேன். இது எனக்குப் புதிதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்துவிட்டு, கடைசியில் மிஞ்சும் ஓரத்து இலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"நான் வேணா ரெண்டு தடவ அளவு குடுக்குறேம்மா" என்றார் வேணுகோபால் சார். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"வேணாம் சார். என் தம்பி வருவான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது அல்லவா? அம்மா போன பிறகு முதல் முறையாக, அவன் வந்தே ஆக வேண்டிய ஒரு வேலை. அன்று வீட்டுக்குப் போனதும் அவனுக்குப் போன் செய்தேன். "நாற்காலியா? எனக்கா?" என்று சிரித்தான். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றான்.

அடுத்த ஞாயிறு மற்றவர்கள் எல்லோரும் ஒருவர் காலருகே ஒருவர் குனிந்து குச்சியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தேன். அவன் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ப் போன் செய்தேன்.

"வெங்காயம் புடுங்குறோங்க்கா. ஆளுவ வந்துட்டாங்க. விட்டுட்டு வர முடியல."

"அளவு வேணுமேடா."

"நான் இங்கருந்தே சொல்றேன். டேப்புக்கு எங்க போறது? இரு, சாண் போட்டுப் பாக்குறேன்." அவன் எங்கேயோ உட்காருகிற சத்தம் கேட்டது. பின்னால் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "கால் ரெண்டு சாண். சரியா ரெண்டு. தொடையும் ரெண்டு, நாலு விரக்கடை கூட வச்சுக்க..."

அவன் சொல்லச் சொல்ல நான் அங்கேயே குந்தி உட்கார்ந்து, குச்சியைத் தரையில் கிடத்தி, என் கையை விரித்துச் சாண் போட்டுக் கோடு கிழித்தேன். எனக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை. சிறு வயதில் எங்கள் வீட்டில் எல்லாமே சாண் கணக்குத்தான். பட்டத்துக்கு வால், பம்பரத்துக்குக் கயிறு, அவன் அரைஞாண் கயிறு என்று எல்லாவற்றுக்கும் என் கைதான் அளவு. ரோட்டைக் கடக்கும்போது அவன் கை முழுவதும் என் கைக்குள் அடங்கிவிடும். என் மனதில் அந்தக் கைதான் இருந்தது. அவன் என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். தினமும் ஊரார் முழங்காலைப் படம் பிடிக்கிறவள் நான். ஆனால் உயரத்தோடு கையும் வளர்ந்திருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

"அளவு எடுத்தாச்சாக்கா?" என்றாள் தேவயானி.

"எடுத்தாச்சு" என்று குச்சியைக் காட்டினேன். ஆள் எப்போது வந்தார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள்தான் என் வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த ஞாயிறுகள். துளை போடும்போது உளி நழுவி இடது கட்டைவிரலைக் கிழித்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். முதலில் செய்த நாக்கு துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. அந்தக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்தேன். வாரத்தில் ஆறு நாளும், எக்ஸ்ரே அறையில் நின்று "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதும், என் நினைவெல்லாம் அந்தக் கொட்டகையில்தான். முதுகு சாய்கிற சட்டத்தை அவனுக்காகக் கொஞ்சம் கூடுதலாக இழைத்தேன். வயலில் குனிந்து குனிந்து வலிக்கிற முதுகு அல்லவா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். தேவயானி பார்த்திருக்கிறாள்.

கால்களைப் பொருத்தி நிறுத்திய அன்று அவள் கொஞ்சம் தள்ளி நின்று தலையைச் சாய்த்தாள். "தம்பி குள்ளமாக்கா?"

"எங்க வூட்டுல எல்லாருமே குள்ளந்தான்" என்றேன் பட்டென்று. அவன் குள்ளமில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அளவு கொடுக்க அவன் வரவே இல்லை என்பது வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

கடைசி ஞாயிறு வந்தது. அதற்கு முந்தின நாள் போன் செய்தேன். "கட்டாயம் வரேங்க்கா" என்றான். இந்தக் கட்டாயத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். மரத்தூள் படாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தார்கள். வேணுகோபால் சாரின் பாரத்துக்கு அவருடைய ஜோடி செய்த நாற்காலி ஒரு முனகல் முனகியது. எல்லோரும் கைதட்டினார்கள். சரியாக வந்தவர்கள் பசை போட்டு, கொட்டாப்புளியால் தட்டி, கயிறு கட்டி இறுக்கினார்கள். சாப்பாட்டு நேரம் போயிற்று. வெயில் சாய்ந்து கொட்டகைக்குள் நீளமாக வந்தது. சிலர் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். என் நாற்காலி மட்டும் பசை இல்லாமல் நடுவில் நின்றது.

"சாக்கு எடுத்துட்டு வரட்டாக்கா?" என்று தேவயானி மெல்லக் கேட்டாள். அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கொண்டா. நானே கழட்டுறேன்" என்று எழுந்தேன். எனக்கு யாருமில்லை என்பதை எனக்குள்ளேயே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆட்களுக்கு முன்னால் அது இப்படி நாலு கட்டைகளாகக் கழன்று கிடக்கும் என்று நினைக்கவில்லை.

முதுகுச் சட்டத்தில் கை வைத்தேன். வெளியே பைக் நின்றது.

"வெங்காய மண்டில லேட்டாயிருச்சுக்கா" என்றபடி செந்தில் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் வெங்காயச் சருகு. மீசையில் நரை விழுந்திருந்தது. நான் அதை அன்றுதான் பார்த்தேன். கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீயாக்கா செஞ்ச?" என்றான். சட்டத்திலிருந்து கையை எடுத்தேன். "உக்காருடா" என்று மட்டும் சொன்னேன்.

உட்கார்ந்தான். அவனுடைய முழங்கால்கள் இரண்டும் மேலே ஏறி நின்றன. பால்வாடி பெஞ்சில் குழந்தையை விட வந்த அப்பா உட்கார்ந்தது போல இருந்தது. வேணுகோபால் சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலாம் போல இருந்தது.

"நல்லாத்தாங்க்கா இருக்கு. சொகமா இருக்கு" என்றான் செந்தில். அவன் அப்படிப் பொய் சொன்னது இன்னும் வலித்தது. விருந்தாளிதான் அப்படிச் சொல்வான். பழைய செந்திலாக இருந்தால், "என்னக்கா இது, ஆட்டுக்குட்டி உக்காரவா செஞ்ச?" என்று கேட்டிருப்பான்.

தேவயானி குச்சியை எடுத்து அவன் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கோடு அவன் கெண்டைக்காலைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. "இது இவரு அளவே இல்லையே. யாரு போட்டது?"

சொல்ல வேண்டியதாயிற்று. போனில் அவன் சொன்னதையும், வேப்பமரத்தடியில் நான் சாண் போட்டதையும் சொன்னேன். செந்தில் எழுந்து வந்தான். "கையக் காட்டு" என்று என் வலது கையைப் பிடித்து விரித்து, அதன் மேல் தன் கையை வைத்தான். காய்ப்புக் காய்த்த கை. அவன் விரல்கள் என் விரல்களைத் தாண்டி ஒரு கணு நீண்டிருந்தன.

"எப்பக்கா உன் கை இவ்ளோ சின்னதாச்சு?" என்றான்.

"நீ வளந்தத எனக்கு யாரும் சொல்லலடா" என்றேன். விளையாட்டாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் உடைந்துவிட்டது. அவன் கையை எடுத்துக்கொண்டு கொட்டகையின் கூரையைப் பார்த்தான்.

"நீங்க உக்காந்து பாருங்கக்கா" என்றாள் தேவயானி. நான் மாட்டேன் என்றேன். அவள் விடவில்லை. உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிந்தன. முதுகு சட்டத்தில் போய்ப் பொருந்தியது. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. தையல்காரர் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல என்னைப் பிடித்துக்கொண்டது அந்த நாற்காலி. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இத்தனை ஞாயிறு அவனுக்கென்று நினைத்து நினைத்து இழைத்ததெல்லாம் கடைசியில் எனக்கே வந்து சேர்ந்தது. எதைத் தொட்டாலும் எனக்கு ஒற்றையாகத்தான் முடியும் போல என்று நினைத்தேன்.

"மொதோ நாற்காலி நமக்குன்னு செய்யக்கூடாதுன்னியே?" என்றேன் தேவயானியிடம்.

"நீங்க உங்களுக்குன்னு செய்யலையே" என்று பசை டப்பாவை என் முன்னால் வைத்தாள்.

செந்திலின் போன் அடித்தது. அவன் மனைவி அனிதா. "இதோ கெளம்பிட்டேன். அரை மணில வந்துருவேன்" என்றான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தான். "அப்ப எனக்கு இல்லையாக்கா?" என்று சிரித்தான். சும்மா கேட்டதுதான். ஏதாவது சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டுமே என்று கேட்டது.

நான் பசையைத் தொடவில்லை. மூலையில் கிடந்த மூங்கில் கட்டிலிருந்து புதுக் குச்சி ஒன்றை உருவினேன். "செருப்பக் கழட்டிட்டு அங்க உக்காரு" என்றேன். தேவயானி பலகைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

அவன் உட்கார்ந்தான். நான் தரையில் மண்டியிட்டுக் குச்சியை நிறுத்தினேன். பாதத்தில் வெடிப்புகள். கணுக்காலில் ஒரு பழைய தழும்பு. எப்போது பட்டது என்று எனக்குத் தெரியாத தழும்பு. முழங்காலின் பின்மடிப்பில் கோடு போட்டேன். பிறகு தொடை. பிறகு முதுகு. பிறகு முழங்கை. எனக்கு இப்போது கை நன்றாகப் பழகிவிட்டது. வேலை சட்டென்று முடிந்துவிட்டது.

"முடிஞ்சுதாக்கா?" என்றான். சாவி அவன் விரலில் ஆடிக்கொண்டிருந்தது.

கோடுகள் எல்லாம் சரியாகத்தான் விழுந்திருந்தன. ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து முதல் கோட்டை அழித்தேன்.

"இல்லடா, தப்பாயிருச்சு. அசையாம இரு" என்று சொல்லிவிட்டு, குச்சியை மறுபடி அவன் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.